கம்பம் சாய்ந்தபோது கைகொடுத்தது எது?
விளக்கு காலம் முதல் கஜா வரை: நம் வீடுகளும் குழுக்களும் கற்ற பாடம்



எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன், எவ்வளவு திரும்ப வந்தது என்ற கணக்கெல்லாம் இந்த மலரின் மற்ற பக்கங்களில் இருக்கிறது. இங்கே வேறொரு கணக்கு. கரண்டு, தண்ணீர், போன், பேங்கு இந்த நாலும் ஒரே ராத்திரியில் நின்றுபோனால் ஒரு வீடு எத்தனை நாள் தாங்கும்? ஒரு குழு எத்தனை நாள் தாங்கும்?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது நம் டெல்டா மாவட்டங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. சில ஊர்களில் சில நாளில் வெளிச்சம் திரும்பியது. பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. அதைக் கடந்து வந்த விதத்தை எழுதி வைக்காவிட்டால் நம் பிள்ளைகளுக்கு அது வெறும் கதையாகப் போய்விடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

விளக்கு காலம்

நம் அப்பாயி, அம்மாயி காலத்தில் புயல் புதிது கிடையாது. 1952 நவம்பர் கடைசியில் ஒன்று, 1977 நவம்பரில் ஒன்று என்று நாகப்பட்டினம் கரையில் பெரும் புயல்கள் வந்தன. 1977 புயலில் மட்டும் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். கூரை போனது, மாடு போனது, நெல் போனது. ஆனால் "கரண்டு போச்சு" என்று அழுத வீடு அன்றைக்குக் குறைவு. போவதற்குப் பல வீட்டில் கரண்டே கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அந்தக் காலத்து வீடு தயாரான விதம் ஒரு பெரிய பாடம். புரட்டாசிக்குள் விறகும் வறட்டியும் பரணில் ஏறிவிடும். பத்தாயத்திலோ குதிரிலோ நெல் இருக்கும். வெயில் காலத்தில் போட்ட வத்தலும் வடகமும், பானையில் அடைத்த புளியும், உப்பு ஜாடியும், ஊறுகாயும், கடலோரமானால் கருவாடும் இருக்கும். மழை பத்து நாள் விடாமல் பெய்தாலும் கடைத்தெருவுக்குப் போகாமல் ஓட்டிவிடலாம். குடிக்க ஊர்க் கேணி, குளம். வெளிச்சத்துக்குச் சிம்னி, அரிக்கேன். அரைக்க அம்மி, ஆட்டுக்கல். குத்த உரல், உலக்கை.

இதை நினைத்து "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்ல நான் வரவில்லை. அந்த ஏற்பாடு முழுவதும் பெண்ணின் முதுகில் ஏறி நின்றது. மாவு ஆட்டியே தோள் இறங்கியது, புகை குடித்தே கண் போனது. பத்தாயம் இல்லாத கூலிக்காரக் குடும்பத்துக்கு அடைமழை என்றால் பட்டினி. அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் அடுத்த வீட்டில் ஒரு படி நெல்லுக்குக் கைமாற்று கேட்டு நின்றார்கள். பிறகு நாம் ஆரம்பித்த பிடி அரிசிச் சேமிப்புக்கும் சிறுசேமிப்புக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கையிலிருந்து கம்பிக்கு

தமிழ்நாட்டில் பெரிய அளவிலான நீர்மின்சாரம் 1930களில் நீலகிரி பைக்காராவில் வந்தது. அடுத்து மேட்டூர், 1940களில் பாபநாசம். 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் அமைந்தது. 1962இல் நெய்வேலி நிலக்கரியில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு பம்புசெட்டும் கிராமத் தெருவிளக்கும் வேகமாகப் பரவின.

தண்ணீர் விஷயத்தில் நடந்த மாற்றத்தை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் இந்தியா மார்க்-2 என்ற கைப்பம்பு ஊர் ஊராக வந்தது. பெண்கள் கேணியில் இறைப்பது குறைந்தது. அதன் பிறகு மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய். பல இடங்களில் நல்லாயிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு அதே குழியில் மோட்டாரை இறக்கி, பக்கத்தில் சின்டெக்ஸ் தொட்டி வைத்தார்கள். நமக்கும் சந்தோஷம்தான், குழாயைத் திருகினால் தண்ணீர். ஆனால் அன்றைக்கே தண்ணீரும் கரண்டும் ஒரே முடிச்சில் விழுந்துவிட்டன.

2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம். அம்மி கொல்லைக்குப் போனது. ஆட்டுக்கல் சில வீடுகளில் துளசிமாடத்துக்கு அண்டைக் கல்லாகிவிட்டது. 2017இல் ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்ற பிறகு பணமும் வங்கிக் கணக்கு, ஏடிஎம் என்று போனது.

ஒவ்வொன்றும் நம் பாரத்தைக் குறைத்தது உண்மை. மாவாட்டிய அந்த ஒரு மணி நேரம் மிஞ்சியதால்தான் நாம் குழுக் கூட்டத்துக்கு வர முடிந்தது. ஆனால் அரிசி அளக்க, தண்ணீர் ஏற்ற, பணம் எடுக்க, சேதி சொல்ல என்று எல்லாமே ஒரே கம்பியில் தொங்க ஆரம்பித்ததும் இந்தக் காலத்தில்தான்.

மின்வெட்டுக் காலம் ஒரு ஒத்திகை

2008 முதல் 2013 வரை தமிழ்நாடு பட்ட பாடு நினைவிருக்கும். 2012இல் உச்சம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் வெட்டு என்றால் மற்ற மாவட்டங்களில் 10 மணி, 12 மணி, சில நாள் அதற்கும் மேல். தேவை ஏறிக்கொண்டே போனது, புதிய நிலையங்கள் தாமதமாயின. வெளி மாநிலத்தில் வாங்கலாமென்றால் கொண்டு வரும் பெருந்தடத்தில் இடமில்லை. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு வடக்கோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

அந்த வருஷங்களில் முதலில் அடி வாங்கியது தையல் மிஷினில் மோட்டார் மாட்டிய குழு, மாவு மில் எடுத்த குழு, மசாலாப் பொடி அரைத்த குழு. கடன் தவணை மாதாமாதம் ஓடியது, மிஷின் மட்டும் ஓடவில்லை. தையல் குழுக்கள் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்தார்கள். மில் வைத்தவர்கள் கரண்டு வரும் நேரத்தைக் கேட்டு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அரைத்தார்கள்.

அதில் ஒன்று தெரிந்தது. எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால் பெண்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். எப்போது வரும் என்றே தெரியாத இருட்டு வேறு மாதிரி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரில் அதைக் காட்டியது. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னைக்கே காட்டியது. நம் பக்கம் வரும் என்று நாம் நினைக்கவில்லை.

கஜா: நாலும் நின்ற நாட்கள்

கஜாவுக்கு முன் அரசு செய்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. புயல் வருவதற்கு முன்பே கரையோர மக்களை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். பிறகு முகாம்களில் இருந்தவர்கள் எண்ணிக்கை சுமார் இரண்டரை லட்சம் ஆனது. அப்படியும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்னேற்பாடு இல்லாவிட்டால் 1977 மாதிரி ஆகியிருக்கும்.

ஆனால் அந்த ஏற்பாடெல்லாம் புயல் அடிக்கும் ராத்திரிக்கானது. மறுநாள் காலையிலிருந்து தொடங்கிய நீண்ட இருட்டுக்கு யாரிடமும் ஏற்பாடு இல்லை, வீட்டிலும் இல்லை, ஊராட்சியிலும் இல்லை, குழுவிலும் இல்லை. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வேரோடு விழுந்து கம்பியையும் சேர்த்து இழுத்துப் போனது. ரோட்டை அடைத்த மரத்தை அறுக்காமல் கம்பம் ஏற்றிய லாரி உள்ளே வர முடியாது.

மின்வாரிய ஊழியர்கள் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளா, ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் வந்து வேலை பார்த்தார்கள். சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனதை நாம் கண்ணால் பார்த்தோம். அந்த வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு. அவர்களை மறக்கக் கூடாது.

மின்சாரம் திரும்பும் வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் துணைமின் நிலையம், ஆஸ்பத்திரி, நகரம். பிறகு மெயின் ரோட்டு ஊர். பிறகு உள் ஊர். அதன் பிறகு காலனித் தெரு, தனியாக நிற்கும் குடியிருப்பு. கடைசியில் வயல் லைன். ஒரு கம்பி இழுத்தால் நிறையப் பேருக்கு வரட்டும் என்ற கணக்கு அது, தொழில் முறையில் சரிதான். ஆனால் கூரை போனவர்களும், கையில் காசில்லாதவர்களும், கைக்குழந்தைக்காரிகளும் அதிகம் இருந்த தெருதான் அந்த வரிசையில் கடைசி. "பக்கத்துத் தெருவுல டிவி ஓடுது, நாங்க இன்னும் மெழுகுவர்த்தி வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்" என்று சொன்ன குரலை நம் கூட்டத்தில் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர்தான் முதல் பிரச்சினை. மேல்நிலைத் தொட்டி அப்படியே நின்றது, ஏற்ற கரண்டு இல்லை. வேலை செய்யும் கைப்பம்பு இருந்த தெருவில் குடம் வரிசை கட்டியது. மோட்டாராக மாற்றிய தெருவில் பெண்கள் இடுப்புக் குடத்தோடு நடந்தார்கள். ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடிக்க ஊர் ஊராக அலைந்தார்கள். கிடைத்த சில இடங்களில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் மோட்டாரை இழுக்கவில்லை. மோட்டார் ஓடும்போது எடுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு கரண்டு இழுக்கும் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

இரண்டாவது போன். டவருக்கும் கரண்டு வேண்டும், பேட்டரி தீர்ந்ததும் அதுவும் செத்தது. திருப்பூரிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல முடியவில்லை. டவர் வந்த பிறகும் சார்ஜ் போடக் காசு கொடுத்து வரிசையில் நின்றோம்.

மூன்றாவது பணம். வங்கிக் கணக்கில் இருக்கிறது, ஏடிஎம் ஓடவில்லை. கடையில் மெழுகுவர்த்தி, பால், தார்ப்பாய் விலை ஏறியது, கடனுக்குத் தரமாட்டேன் என்றார்கள்.

குழு செய்தது என்ன?

அரசு நிவாரணம் வந்தது, வெளியூர் நண்பர்கள் லாரி லாரியாகக் கொண்டு வந்தார்கள், நன்றியோடு சொல்கிறோம். ஆனால் லாரி மெயின் ரோட்டில் நின்றுவிடும். உள் தெருவில் யார் வீட்டில் கர்ப்பிணி, யார் வீட்டில் படுத்த படுக்கையான கிழவி, யார் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் என்று லாரிக்காரருக்குத் தெரியாது. அந்தப் பட்டியல் குழு ஊக்குநர் தலையில் இருந்தது.

1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசு ஆதரவோடு ஆரம்பித்த மகளிர் குழுக்கள், 1990களின் பிற்பகுதியில் மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தன. அப்போது சொன்ன காரணம் சேமிப்பும் கடனும்தான். வாரா வாரம் ஒன்றாக உட்கார்ந்ததால் வளர்ந்த இந்த அறிமுகம் எந்த ரிஜிஸ்டரிலும் பதிவாகவில்லை. கஜாவில் அதுதான் முதல் நிவாரணமாக வேலை செய்தது. பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி போட்டுப் பொதுவில் உலை வைத்தார்கள். கேஸ் சிலிண்டர் இருந்த வீடு அடுப்பைக் கொடுத்தது, கேணி இருந்த வீடு தண்ணீரைக் கொடுத்தது.

பணத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. உள்கடன் சுற்றிக்கொண்டிருந்த குழுவில், கையிருப்பாக ஆயிரம், இரண்டாயிரம் இருந்தவர்கள் உடனே தீர்மானம் எழுதிக் கொடுக்க முடிந்தது. முழுக்க வங்கியில் போட்டு வைத்த குழு வங்கி திறக்கும் வரை காத்திருந்தது. தனியாக மைக்ரோ பைனான்ஸில் வாரத் தவணைக்கு வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம். கூரை இல்லாத வீட்டு வாசலில் வந்து தவணை கேட்டார்கள். "சாப்பாடே முகாம்லதான் சார், எங்கேருந்து கட்டுறது?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. நம் குழுக்கடனை நாமே பேசித் தள்ளிவைத்தோம், வட்டியைக் குறைத்தோம். தள்ளிவைக்கும் அதிகாரம் நம் கையில் இருக்கிற கடனுக்கும், அது இல்லாத கடனுக்கும் உள்ள வித்தியாசம் இருட்டில்தான் வெளிச்சமாகத் தெரிந்தது.

கஜாவோடு முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கரண்டும் போனும் இல்லாத நிலையில் அவர்களுக்கு முதல் சோறு பக்கத்துக் கிராமத்து மக்கள் ஆக்கிப் போட்டதுதான். வெளியிலிருந்து உதவி வந்து சேரும் வரை உள்ளே இருப்பவர்கள்தான் உதவி. எல்லாப் பேரிடரிலும் இதையே பார்க்கிறோம்.

அடுத்த ஐப்பசிக்குள்

வரலாறு படித்தோம், சரி, இனி என்ன? நம் கூட்டங்களில் பேசிப் பேசித் தேறிய விஷயங்களை மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன்.

வீட்டுக்கு: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 175 லிட்டர். மூடியுள்ள 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிட வேண்டும், கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, உப்பு, புளி. அரைக்காமல் செய்யக்கூடிய சாப்பாட்டுக்குப் பொடி, வத்தல், ஊறுகாய். அம்மியை விற்காதீர்கள். சோலார் விளக்கோ டார்ச்சோ ஒன்று. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பட்டா எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். தினசரி மாத்திரை பதினைந்து நாளுக்கு முன்கூட்டி. இன்சுலினைப் பிரிட்ஜ் இல்லாமல் எப்படி வைப்பது என்பதை இப்போதே நர்சம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஐந்து போன் நம்பரைக் காகிதத்தில் எழுதுங்கள். போன் செத்தால் அதிலுள்ள நம்பரும் செத்தது மாதிரிதான்.

குழுவுக்கு: வயதானவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, மாற்றுத்திறனாளி, தினசரி ஊசி போடுகிறவர் பட்டியலை நோட்டில் எழுதி ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். மழைக்காலம் மூன்று மாதமும் சிறு தொகை ஒன்று ரொக்கமாக, பெட்டிச் சாவி இருவர் பொறுப்பில். பேரிடரில் தவணை தள்ளிவைக்கும் தீர்மானத்தை நல்ல நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். கணக்கு செயலியில் ஏறினாலும் கை நோட்டை விடக் கூடாது, அதைத் தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள்.

கூட்டமைப்புக்கு: ஊராட்சியில் எத்தனை கைப்பம்பு உயிரோடு இருக்கிறது, எது எந்தத் தெருவில் என்று கணக்கெடுத்துக் கிராம சபையில் வைக்க வேண்டும். தெருவுக்கு ஒரு கைப்பம்பாவது மோட்டாராக மாறாமல் இருக்கட்டும். மேல்நிலைத் தொட்டி மோட்டார் எத்தனை எச்.பி., ஒரு பேஸா மூன்று பேஸா, அதை இழுக்க எந்த அளவு ஜெனரேட்டர் வேண்டும், அது யாரிடம் இருக்கிறது, வாடகை எவ்வளவு என்பதை மழைக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால் புகை ஆளைக் கொல்லும். அதை மாற்று சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரில் சொருகினால் கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரைக் கொல்லும். இதை ஒவ்வொரு குழுவிலும் சொல்லித்தர வேண்டும். மின்னகம் 94987 94987, மாவட்டப் பேரிடர் எண் 1077 இரண்டையும் எல்லாக் கூட்ட இடத்திலும் சுவரில் எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கசப்பானது. மின்சாரம் திரும்பும் வரிசையை மாற்ற முடியாது என்றால், கடைசியில் வரும் தெருவுக்கு மற்ற எல்லாம் முதலில் போக வேண்டும். தண்ணீர் லாரி, சோலார் விளக்கு, பொதுச் சமையல், போன் சார்ஜ் போடும் இடம் எல்லாம் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். நலிவு நிலை குறைப்பு நிதியில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கலாம். இதைப் பேசும்போது சில முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். கஜாவில் எந்தத் தெரு கடைசி வரை இருட்டில் இருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

வருகிற பொதுக்குழுவில் இந்த மூன்று பட்டியலையும் தீர்மானமாக வைக்கக் கோருகிறேன். உங்கள் குழு கஜாவில் செய்த வேறு ஏற்பாடு எதுவும் இதில் விட்டுப்போயிருந்தால், அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். ஆவணி முடிவதற்குள் பட்டியலை முழுமையாக்கி, ஒவ்வொரு குழு நோட்டிலும் ஒட்டிவிடலாம்.